ஓபி வரிசையில் நாற்பது பேர், எதிரே அழுகிற ஒருவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காலையில் ஓபி சீட்டு போட ஆரம்பித்தால் மதியம் வரை தலை நிமிர முடியாது. மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடி அக்காக்களும் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. வீட்டில் அடி வாங்கியவர், விபத்தில் பிழைத்தவர், வன்கொடுமைக்கு ஆளானவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்று மனதில் பெரிய காயத்தோடு வருகிறவரை, நேரமும் ஆளும் இடமும் இல்லாத இடத்தில் எப்படி நடத்துவது? நான் மனநல மருத்துவர் இல்லை. அவரிடம் போய்ச் சேரும் வரைக்குமான விஷயங்களைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒருவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இதில் ஆறுதல் சொல்ல நேரம் ஏது?

ஆறுதல் என்றாலே பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு நேரம் இல்லைதான். ஆனால் அந்த மூன்று நிமிடம் எப்படியும் அவருக்குச் செலவாகத்தான் போகிறது. அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

காயப்பட்டவருக்கு நடந்தது என்னவாக இருந்தாலும் அதில் ஒன்று பொது: அவரைக் கேட்காமல் நடந்தது. அதனால் கேட்டுவிட்டுச் செய்வதே அவருக்குப் பாதி மருந்து. ‘ஏய், அடுத்தது யாரு’ என்பதற்குப் பதிலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, செய்யப் போவதை முன்னாலேயே சொல்வது, ஏதாவது ஒன்றை அவர் முடிவுக்கு விடுவது. ‘ஊசி இந்தக் கையிலா, அந்தக் கையிலா?’ என்று கேட்க இரண்டு நொடி போதும்.

அவருக்கு மனக்காயம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது எல்லோருக்கும் கையுறை போடுகிறோமே, எச்ஐவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டா போடுகிறோம்? அதே மாதிரிதான் இதுவும். எல்லோரிடமும் ஒரே மாதிரி பதமாக நடந்துகொண்டால், சொல்லாமல் மறைத்து வைத்திருப்பவருக்கும் அது போய்ச் சேரும்.

நம் ஊரில் யாரும் ‘எனக்கு ட்ராமா’ என்று சீட்டு போட மாட்டார்கள். நெஞ்சு படபடக்குது, தலை கிர்ருனு சுத்துது, தூக்கம் பிடிக்கலை, உடம்பெல்லாம் வலி என்றுதான் வருவார்கள். மாதத்தில் நாலு தடவை அதே வலிக்கு வருகிறவரைப் பார்த்து ‘சும்மா வருது இந்தம்மா’ என்று முணுமுணுக்கும் முன் ஒரு நொடி நிதானிக்கலாம். ஈசிஜியும் சுகரும் பார்க்க வேண்டியது பார்க்க வேண்டியதுதான், அதை விட்டுவிடக் கூடாது.

என்ன நடந்தது என்று கேட்டால்தானே உதவ முடியும்?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு 2004-இல் கிடைத்தது. டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அப்போது நர்ஸிங் மாணவி, முகாம் ஒன்றில் உதவிக்குப் போயிருந்தேன். தினம் ஒரு குழு வேனில் வந்து இறங்கும். எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, கிரேயான் கொடுத்து, ‘மனசுல இருக்கிறத வரைங்க கண்ணா’ என்பார்கள். குழந்தைகள் அலையை வரைவார்கள். மறுநாள் வேறு குழு, மறுபடியும் கிரேயான். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, எட்டு வயசு இருக்கும் பையன் ஒருவன் தாளை வாங்கிக்கொண்டு கேட்டான்: “அக்கா, அலை மட்டும் போதுமா, பிணமும் வரையணுமா?” வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவன் படித்து வைத்திருந்தான். அவனுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டபோது செருப்பு வேண்டும் என்றான்.

நடந்ததை உடனே முழுக்கச் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவ உலகத்திலேயே இருந்தது. சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை. அதனால் பலன் இல்லை, சிலருக்குப் பாதிப்பைக் கூட்டவும் செய்கிறது. 2011-இல் அந்த நிறுவனமும் வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்றே சொல்லில் வேலையைச் சொல்லிவிடுகிறது: பார், கேள், இணை. இதில் ‘கேள்’ என்பது காதால் கேட்பது. தமிழில் கேட்பது என்றால் வினவுவதும் அதுதான், செவிமடுப்பதும் அதுதான் என்பதால் இந்த இடத்தில் சுலபமாக வழுக்கி விழுந்துவிடுகிறோம்.

நடந்ததைக் கேட்பதற்குப் பதிலாக இப்போது வேண்டியதைக் கேளுங்கள். “இப்ப முதல்ல என்ன வேணும்மா?” பதில் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். தண்ணீர், பாத்ரூம், போன் பேச ஐந்து நிமிடம், ‘என் தங்கச்சிக்குச் சொல்லணும்’.

அவரே கொட்ட ஆரம்பித்துவிட்டார். வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

வெட்டக் கூடாது, இழுத்துக்கொண்டும் போகக் கூடாது. உண்மையைச் சொல்லிவிடுங்கள்: “நீங்க சொல்றது முக்கியம். இப்ப எனக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, அவசரத்துல கேட்க மனசு இல்ல. பன்னிரண்டரைக்கு ஓபி முடியும், அது வரைக்கும் அந்த பெஞ்சுல இருக்க முடியுமா? இல்லன்னா நாளைக்கு வர்றீங்களா?” இரண்டில் எது என்பதை அவர் சொல்லட்டும்.

அப்படிச் சொன்னால் பன்னிரண்டரைக்கு அங்கே இருந்தாக வேண்டும். முடியாது என்று தோன்றினால் சொல்லாதீர்கள். நம்பி ஏமாந்தவரிடம் இன்னொரு பொய் வாக்கு கொடுப்பதைவிட ‘இன்னைக்கு முடியாதும்மா’ எவ்வளவோ மேல்.

தனி அறையே கிடையாது. ஒரே ஹாலில் நாலு மேசை.

எங்களுக்கும் அப்படித்தான். டிரஸ்ஸிங் அறை, தடுப்பூசியைக் குளிரில் வைக்கும் ஐஎல்ஆர் பெட்டி இருக்கும் அறை, படிக்கட்டுக்குக் கீழே, வேப்ப மரத்தடி எல்லாம் பயன்பட்டிருக்கிறது. ஒன்றும் இல்லையென்றால் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள், அவர் முதுகு வரிசைப் பக்கம் இருக்கும்படி. அதற்கு முன் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதே பயம், வாசல் கண்ணில் தெரிந்தால்தான் உட்காருவார்கள். குரலைத் தாழ்த்துங்கள். பத்தடி தள்ளி இருந்துகொண்டு ‘யாரும்மா அது, புருஷன் அடிச்ச கேஸ்?’ என்று கூவுகிற பழக்கத்தை விட ஒரு பைசா செலவில்லை.

கணவரோ மாமியாரோ நகரவே மாட்டேன் என்கிறார்கள்.

வெளியே போங்கள் என்று சொன்னால் சந்தேகம் வரும், அது வீட்டில் போய் வெடிக்கும். எடை பார்க்கணும், சிறுநீர் பிடிக்கணும், உள்ளே ஒரு பரிசோதனை, ஒருத்தர்தான் வரலாம் என்பவை ஊருக்கே பழகிய காரணங்கள். எங்கள் எடை மெஷின் திரைக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் தற்செயலாக அங்கே வைத்ததுதான், இப்போது வேண்டுமென்றே அங்கேயே விட்டிருக்கிறோம்.

கூட வந்தவர் எதிரில் வைத்து ‘வீட்ல ஏதும் பிரச்சினையா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கையில் நோட்டீஸும் கொடுக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181. மூன்றே இலக்கம், மனப்பாடமாகச் சொல்லி அனுப்பலாம்.

வடக்கிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர் என்றால் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். மொழிபெயர்க்க மேஸ்திரி வந்து நிற்பார். காயத்துக்குக் காரணமே அவராக இருக்கலாம் என்ற நினைப்பு ஓரத்தில் இருக்கட்டும். 14416 (டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) பல இந்திய மொழிகளில் பேசும். போனை ஸ்பீக்கரில் போடாமல் அந்தத் தொழிலாளர் காதிலேயே கொடுங்கள்.

தொட்டுப் பார்க்காமல் சிகிச்சை கொடுக்க முடியுமா?

முடியாது. அதனால்தான் இதை நீளமாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கர்ப்பிணிக்கு பிபி பார்த்தேன். அன்று கூட்டம் அதிகம். கையைப் பிடித்து இழுத்துப் பட்டையைச் சுற்றி, பேசாமல் பம்ப் பண்ணினேன். பட்டை இறுகியதும் அந்தப் பெண் கையை உதறினாள், மெஷின் கீழே விழுந்தது. நான் கத்திவிட்டேன். அவள் திட்டு வாங்கிப் பழகியவள் மாதிரி சுவரோடு ஒட்டி நின்றாள். அப்போதுதான் பார்த்தேன், தோளுக்குக் கீழே நாலு விரல் பதிந்த மாதிரி மஞ்சளாகிப் போன பழைய தழும்பு. பட்டை சரியாக அதன் மேல்தான் இறுகியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். அவள் ‘பரவாயில்ல சிஸ்டர்’ என்றாள். அடுத்த மாதப் பரிசோதனைக்கு அவள் எங்களிடம் வரவில்லை.

இப்போது யாருக்கு பிபி பார்த்தாலும் ஒரு வாக்கியம் வாயில் வந்துவிடுகிறது: “கையில பட்டை சுத்தப் போறேன், கொஞ்ச நேரம் இறுக்கும், அப்புறம் தானா விட்டுடும், வேணாம்னா சொல்லுங்க, உடனே காத்தை இறக்கிடறேன்.” ஐந்து நொடி. யாரும் இதுவரை வேணாம் என்று சொன்னதில்லை. சொல்லலாம் என்று தெரிந்தாலே போதும் போலிருக்கிறது.

உள் பரிசோதனைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் என்று ஆடை விலக்கும் முன் சொல்ல வேண்டும். தேவையான அளவுக்கு மட்டும் விலக்கிப் போர்த்த வேண்டும். ‘நிறுத்துங்க’ என்றால் கை அங்கேயே நிற்க வேண்டும். பிரசவ மேசையில் ‘இதுக்குப் போய் கத்துறே, அன்னைக்குத் தெரியலையா’ என்று வருகிற பேச்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நம் எல்லோருக்கும் தெரியும், நம்மில் சிலர் சொல்லியும் இருக்கிறோம்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு, பிறப்புறுப்பில் விரலை விட்டுப் பார்க்கிற இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது. சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2022-இல் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டன. செய்பவர் மீது நடத்தைக் கேடு என்று நடவடிக்கை எடுக்கலாம் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொன்று, ‘முதலில் எஃப்ஐஆர் போட்டுட்டு வாங்க’ என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357சி-யில் இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 397-இல் இருக்கிறது. போலீஸுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை.

திடீரென்று உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டார், அல்லது கைகால் வெடவெடக்கிறது. என்ன செய்வது?

உங்கள் கையை எடுங்கள், ஒரு அடி பின்னால் வாருங்கள், அவர் உயரத்துக்கோ அதற்குக் கீழோ உட்காருங்கள். சுற்றி நிற்கிற கூட்டத்தை அனுப்புங்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, கன்னத்தில் தட்டுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் இவர் விஷயத்தில் கெடுதல்.

அவர் மனசு வேறு நாளில் இருக்கிறது, இன்றைக்குக் கொண்டுவர வேண்டும். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக: “இது ஆஸ்பத்திரி. நான் நர்ஸ். கதவு திறந்துதான் இருக்கு. காலைத் தரையில வச்சுப் பாருங்க, சில்லுனு இருக்கா?” எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் கையில் குளிர்ச்சி தெரியும். சுவரில் இருக்கிற போஸ்டரில் என்னென்ன நிறம் தெரிகிறது என்று கேட்கலாம். மூச்சுப் பயிற்சி சொல்வதென்றால் வெளிவிடும் மூச்சை நீட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் அவருக்கு அந்தக் காட்சிதான் தெரியும்.

எதைச் சொல்லக் கூடாது?

‘எல்லாம் விதி.’ ‘உனக்கு மட்டுமா நடந்துச்சு?’ ‘மறந்துடு.’ ‘நல்லவேளை, இன்னொரு பிள்ளை இருக்கே.’ ‘அப்பவே ஏன் சொல்லல?’ இவற்றில் கடைசி மிக மோசம், ஏனென்றால் அதே கேள்வியை அவர் இரவெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை என்றால் “சொன்னது நல்லது. இது உங்க தப்பு இல்ல” என்று நிறுத்திக்கொள்ளலாம்.

தூக்க மாத்திரை கேட்கிறார். ஒரு வாரத்துக்குக் கொடுத்தால் என்ன?

மருத்துவர் முடிவு அது. ஆனால் அதிர்ச்சி நடந்து முதல் ஒரு மாதத்தில் அந்தப் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் டயசிபாம் வகை மாத்திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், திடுக்கிட்டு விழிப்பதும், அழுகையும் பெரும்பாலோருக்கு வரும், பெரும்பாலோருக்குத் தானே அடங்கும். ‘இது பைத்தியம் இல்ல, இப்படி ஒன்னு நடந்தா உடம்பு இப்படித்தான் பண்ணும்’ என்று சொல்வதே பாதிப் பயத்தைக் குறைக்கிறது. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி ஏறுகிறது என்றால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புங்கள்.

‘பயந்திருக்கு, மந்திரிச்சுட்டு வர்றோம்’ என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தடுக்க வேண்டுமா?

திருநீறு போடுவதையோ தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்குவதையோ நான் தடுப்பதில்லை. குழந்தைக்கு என்னமோ நடந்திருக்கிறது என்று குடும்பமே ஒத்துக்கொண்டு, ஒன்றாகக் கூட்டிப் போய், அக்கறை காட்டுகிறது, அதில் என்ன கெடுதல்? சூடு வைப்பது, கட்டிப்போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது இருந்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அங்கே போய்விட்டு இங்கேயும் வாங்க என்றால் வருவார்கள்.

ஒரு குழந்தை ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்’ என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறது.

சரி, சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்த யாரும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. ஆகவே முன்னாலேயே சொல்லுங்கள்: “உன்னைக் காப்பாத்த உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” அப்புறம் குழந்தை சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார், எங்கே, எத்தனை தடவை என்று ஆசிரியர் ஒரு முறை, தலைமையாசிரியர் ஒரு முறை, நர்ஸ் ஒரு முறை விசாரித்தால் போலீஸ் வருவதற்குள் அந்தக் குழந்தை நாலாவது தடவையாக அதற்குள் போய் வந்திருக்கும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் அடுத்து என்ன செய்வது என்று சொல்வார்கள்.

பதினெட்டு நிரம்பாத பெண் கருக்கலைப்புக்கு வந்தால் ஒரு நுணுக்கம் உண்டு. அவரும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவர் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

‘செத்துடலாம்னு இருக்கு’ என்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. நேராகக் கேளுங்கள். “உயிரை மாய்ச்சுக்கணும்னு யோசிச்சீங்களா? எப்படின்னு ஏதும் முடிவு பண்ணியிருக்கீங்களா?” யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். முடிவு பண்ணியிருக்கிறேன் என்றால் தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், நம்பிக்கையான ஒருவரை வரவழையுங்கள். வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். இந்த ஒன்று நிறைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 14416, சுகாதார உதவி எண் 104 இரண்டும் எந்நேரமும் எடுக்கும்.

கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ‘தெரியாம குடிச்சுட்டாங்க’ என்று குடும்பம் மறைக்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொன்னால் உண்மை வெளியே வரும், சிகிச்சையும் சரியாக அமையும்.

கவுன்சிலரே இல்லாத இடத்தில் எங்கே அனுப்புவது?

எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை நான் அனுப்புவது என்று சொல்ல மாட்டேன். பலர் அந்தச் சீட்டை மடித்து வைப்பதோடு சரி. அவர் பக்கத்தில் இருக்கும்போதே நாமே அழைத்து, “இங்க ஒருத்தங்க இருக்காங்க, பேசறாங்க” என்று போனைக் கொடுத்தால் அது இணைப்பு. வீட்டு வன்முறை என்றால் மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையமும் பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ‘அங்க போனா ஒரு அக்கா இருப்பாங்க, நான் சொல்லி வச்சிருக்கேன்’ என்றால் கால் தானாக நடக்கும்.

கவுன்சிலர் இல்லாவிட்டால் ஒன்றுமே முடியாது என்பதும் சரியல்ல. பாகிஸ்தானின் பெஷாவரில், மோதல்களால் நிலைகுலைந்த பகுதியில், மனநலப் பட்டம் இல்லாத ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒன்றாக ஐந்து அமர்வு நடத்திப் பார்த்தார்கள். பதற்றமும் சோர்வும் குறைந்தன. 2016-இல் வெளியான ஆய்வு அது. நமக்கு ஐந்து அமர்வு கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

எதையெல்லாம் எழுதி வைப்பது?

சிகிச்சைக்கும் சட்டத்துக்கும் தேவையானதை மருத்துவமனைப் பதிவேட்டில் எழுத வேண்டும், மறுபடி மறுபடி அவரைச் சொல்லவைக்காமல் இருக்கவும் அது உதவும். ஓபி சீட்டில் இதில் எதையும் எழுதாதீர்கள். அது அவரோடு வீட்டுக்குப் போகிறது.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கம் வரவில்லை.

வராதுதான். இறந்து பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றித் தாயிடம் காட்டிவிட்டு, கை கழுவிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். எங்கள் டியூட்டி ரூமில் ஒரு ஏற்பாடு உண்டு. அப்படி ஒரு கேஸ் பார்த்தவருக்கு அடுத்த கால் மணி நேரம் இன்னொருவர் மேசையைப் பார்த்துக்கொள்வார். என்ன ஆச்சு என்று யாரும் கேட்க மாட்டோம். ஆள் இல்லாத நைட் டியூட்டியில் இது நடக்காது, அன்றைக்கு டீயோடு சரி. 14416 நமக்கும் எடுக்கும், நான் ஒரு தடவை பேசியிருக்கிறேன்.

அனுப்பி வைத்தவர் திரும்ப வரவே இல்லை. என்ன ஆனாரோ என்று இருக்கிறது.

பெரும்பாலும் தெரியாமலேயே போகும். மறுபடி வருவதற்கு ஒரு சாக்கு மட்டும் கொடுத்து அனுப்பலாம். ஓபி சீட்டில் ‘பிபி மறுபரிசோதனை, அடுத்த வியாழன்’ என்று எழுதுங்கள். பிபி நன்றாகவே இருந்தாலும் எழுதுங்கள். அந்தச் சீட்டைப் பார்த்து வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.